தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு: கல்வி நாள் மேடையில் எங்களுக்கும் இடம் கொடுங்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 43. ஊரில் வணிகவியல் படித்தவள். பிள்ளைகள் வளர்ந்து, கிரீன் கார்டும் கைக்கு வந்தபின், இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் (பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் கல்வி வழிகாட்டு நாளுக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர், "மதிப்பெண் குறைந்தால் சமுதாயக் கல்லூரிதான் கதி" என்றார். அரங்கமே சிரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் "கதி" எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். உடற்கூற்றியலிலும் உடலியங்கியலிலும் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் உள்ளேயே விடுவார்கள். ஒரு செயல்முறைத் தேர்வில் நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இடுப்புப் பட்டையைச் சரியாகக் கட்டினேன், கால்களை அகட்டி நின்றேன், முதுகை வளைக்காமல் தூக்கினேன். நாற்காலியின் ஒரு பக்கப் பிரேக்கைப் பூட்ட மட்டும் மறந்துவிட்டேன். அந்த ஒன்றுக்காகவே தேர்வில் தோல்வி. ஆசிரியை சொன்னது சரி: உண்மையான நோயாளியாக இருந்திருந்தால் தரையில் விழுந்திருப்பார். அன்றிலிருந்து வீட்டில் எந்த நாற்காலியைத் தொட்டாலும் என் கை தானாகச் சக்கரத்தைத் தேடுகிறது.

இந்தத் தொழில் நேற்று முளைத்ததும் அல்ல. 1969இல் மயாமியிலும் மினியாபொலிஸிலும் இருந்த இரண்டு கல்லூரிகளிலிருந்து முதல் 15 பேர் படித்து வெளியே வந்தார்கள். இன்றும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படித்து, தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமமும் பெற்ற பிறகே வேலை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நோயாளியை முதலில் மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுப்பது பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. அவருடைய மேற்பார்வையில் அதைச் செய்விப்பது எங்கள் வேலை. இந்தப் படிப்பை முடித்த கையோடு பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. அதற்கு இளங்கலைப் பட்டமும் அதன்மேல் பெரும்பாலும் மூன்று ஆண்டு தொழில்சார் முனைவர் படிப்பும் வேண்டும். 2022 முதல் உதவியாளர் தரும் வெளிநோயாளி சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதமே தருகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பிள்ளை இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், அது தெளிந்து எடுத்த முடிவு.

சென்ற மாதம் பயிற்சிக்குப் போன மறுவாழ்வு மையத்தில் ஒரு தமிழ் அம்மாவைப் பார்த்தேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் தலையாட்டினார், காலை மட்டும் தரையில் வைக்கவில்லை. அருகில் போய், "ஊன்றலாம் அம்மா, கால் தாங்கும், நான் பிடித்திருக்கிறேன்" என்றேன். என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டு எழுந்தார். நான்கு அடி நடந்தார். உட்கார்ந்ததும், "எந்த ஊர் கண்ணு நீ?" என்றுதான் முதலில் கேட்டார். உங்கள் பெற்றோரும் இங்கேதான் முதுமையடைகிறார்கள். அவர்களை எழுப்பி நடக்க வைக்கும் கைகளில் சில தமிழ்க் கைகளாக இருக்க வேண்டாமா?

நான் கேட்பது இரண்டு. அடுத்த கல்வி நாளில் மருத்துவரையும் பொறியாளரையும் ஏற்றும் மேடையில் ஒரு பிசியோதெரபி உதவியாளரையும் ஒரு பல் சுகாதாரப் பணியாளரையும் ஏற்றுங்கள். இரண்டாவது, பணம். படிப்பின் கடைசிக் கட்டத்தில் வாரக்கணக்கில் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி உண்டு. பெரும்பாலும் ஊதியம் கிடையாது. என் வகுப்பில் இரவெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு விடிந்ததும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண், ஐந்தாவது வாரத்தில் படிப்பையே நிறுத்திவிட்டாள். பொங்கல் விழாவுக்குத் திரட்டும் தொகையில் ஒரு சிறு பங்கை இப்படிப்பட்டவர்களின் பெட்ரோலுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒருவராவது படிப்பை முடிப்பார்.

பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னை அழையுங்கள். சக்கர நாற்காலியையும் பட்டையையும் நானே கொண்டு வருகிறேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி