6500 வேண்டாம், 5000 எடு

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின மூன்று ரோச் லைற்றின் படங்களும் பார்த்தேன். உடலும் ஒன்று, றிஃப்ளெக்டரும் ஒன்று, எல்.ஈ.டியின் நிறம் மட்டும் 6500, 5000, 3000 கெல்வின் என்று வேறு வேறு. கெல்வின் கூடினால் நீலம் பாய்ந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 தான் கூடின தூரம் அடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கு, அதையே எடுக்கட்டோ என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் பிள்ளை, 5000 எடு.

பெட்டியில் போட்டது பொய்யில்லை. வெள்ளை எல்.ஈ.டி என்கிறது உள்ளுக்குள் நீல எல்.ஈ.டிதான். மேலே பூசியிருக்கிற பொஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாயும் சிவப்பாயும் மாற்றும். மாற்றும்போது கொஞ்சம் சூடாய்ப் போய்விடும். கெல்வின் குறையக் குறைய மாற்றவேண்டிய பங்கு கூடும், இழப்பும் கூடும். அதனால் 6500 கொஞ்சம் பிரகாசம்தான்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கணக்குப் பார். தூரத்தைச் சொல்லுவது லூமன் இல்லை, கண்டெலா. லூமன் என்றால் மொத்த வெளிச்சம், கண்டெலா என்றால் ஒரு திசையில் குவிகிற வெளிச்சம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போடுகிற தூரம் மீற்றரில் வரும். 6500 இல் 100,000 கண்டெலா என்றால் 632 மீற்றர். 5000 இல் பத்து வீதம் குறைந்து 90,000 என்று வை, 600 மீற்றர். 3000 இல் முப்பது வீதம் போய் 70,000 ஆனாலும் 529 வரும். வர்க்கமூலம் என்றபடியால் வெளிச்சம் குறைகிற அளவுக்குத் தூரம் குறையாது. அதோடு, அந்தத் தூரத்தின் விளிம்பில் விழுவது 0.25 லக்ஸ் (ஒரு இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு), முழுநிலவு வெளிச்சம் அவ்வளவுதான். அதில் வள்ளம் நிற்கிறதோ, கட்டை மிதக்கிறதோ என்று பிரித்துச் சொல்லேலாது. பாதித் தூரத்தில்தான் 1 லக்ஸ் வரும், உண்மையில் பாவிக்கிற தூரம் அதுதான். 32 மீற்றருக்காக 6500 க்குப் போகாதே.

எங்கட காற்றுக்கு 6500 இன்னொரு விதத்திலும் பொருந்தாது. கரையில் உப்புக் காற்று, பின்னேரத்தில் வளவுக் குப்பை எரித்த புகை. புகையில் இருக்கிற மிக நுண்ணிய துகள்கள் நீலத்தைத்தான் கூடச் சிதறடிக்கும். அப்ப உன் முன்னால் ஒரு வெள்ளைக் குழாய் நிற்கிறதுபோல இருக்கும், கண் அதையே பார்க்கும், அப்பாலே இருக்கிறது மறையும். ஆனால் தை, மாசிப் பனிமூட்டத்துக்கு மஞ்சள் வெளிச்சம் ஊடுருவும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. பனித்துளி பெரிது, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். அதற்கு மருந்து நிறம் இல்லை, பிடிக்கிற விதம். ரோச்சைத் தோளுக்கு மேலே தூக்காமல் இடுப்பளவில், கண்ணிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டும். மாமாவுக்கும் இதைச் சொல்லிவிடு.

நிறம் உண்மையாய் உதவுவது 100 மீற்றருக்குள்ளே. 90,000 கண்டெலா 100 மீற்றரில் 9 லக்ஸ், 50 மீற்றரில் 36 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிரியும். செம்பாட்டு மண்ணும் காய்ந்த பனையோலையும் 6500 இல் ஒரே சாம்பல் மாதிரி வெளிறிப்போகும். மண்ணின் சிவப்பைத் திருப்பி அனுப்ப, வெளிச்சத்தில் முதல் சிவப்பு இருக்கவேண்டுமே. 300 மீற்றருக்கு அப்பால் இந்த மூன்றில் எதிலும் நிறம் வடிவாய்த் தெரியாது. அதனால் தூர ரோச்சுக்கு சி.ஆர்.ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாய்க் காட்டும் என்கிற எண், 100 தான் உச்சம்) 90 என்று கூடக் காசு குடுக்காதே, 70 காணும். அந்தக் காசில் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ 90 க்கு மேல், சின்ன ரோச் ஒன்று வாங்கு. விரியன் ஓலைக்குள் கிடந்தால் காட்டுவது காலடியில் அடிக்கிற அந்தச் சின்ன வெளிச்சம்தான்.

வாங்க முதல் இன்னும் சிலதைப் பார். லூமன் மட்டும் போட்டு கண்டெலாவும் தூரமும் போடாத பெட்டியை விட்டுவிடு. தூரம் மட்டும் இருந்தால் அதைப் பாதியாக்கி வர்க்கப்படுத்து, கண்டெலா வரும். இழுத்து நீட்டுகிற சூம் வகை வேண்டாம். ஒற்றை லென்ஸ் என்றபடியால் விளிம்பில் நீல, மஞ்சள் வளையம் விழும், கூட்டிக் குவித்தால் எல்.ஈ.டியின் சதுரமே சுவரில் தெரியும். 6500 ஐ வாங்கி மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டலாம் என்றும் நினைக்காதே. தாள் நீலத்தை வெட்டுமே தவிர இல்லாத சிவப்பைக் கொண்டுவராது, கூடின வெளிச்சத்தில் சூட்டுக்குச் சுருங்கியும் போகும்.

கையில் கிடைத்த உடனே இரவில் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார். குறைந்த வெளிச்சத்திலும் கூடின வெளிச்சத்திலும் பார். குறைந்ததில் பச்சை பாய்ந்தால் அது கெல்வின் பிழையில்லை, அந்த எல்.ஈ.டியே பச்சைப் பக்கம் சாய்ந்தது. 5000 என்று எழுதியிருந்தாலும் அப்படி வரும். மாற்றித் தரச்சொல்லிக் கேள்.

பற்றறி 21700 என்கிற அளவு என்றால் 5000 மில்லி அம்பியர் மணி அளவில் இருக்கும். 4.2 வோல்ற் முழுச் சார்ஜ். விமானத்தில் வரும்போது கழற்றின பற்றறியைப் பெரிய பெட்டியில் போடவிடமாட்டார்கள், கைப்பையில், பிளாஸ்ரிக் கூட்டுக்குள் போட்டுக் கொண்டுவா. முனைகள் சாவியில் முட்டினால் நெருப்புப் பிடிக்கலாம்.

ஓடர் போட முதல் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, கண்டெலாவைப் பார்த்துச் சொல்லுறன்.

அன்புடன்,
அப்பா