சாஸ்தா கோயில் பணம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாஸ்தா கோயிலுக்கென்று நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. ஆனால் கமிட்டிக்காரர்களிடம் இன்னும் கொடுக்கவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது, பொங்கல் வைக்க இடமில்லை என்று சொல்லி, கோயிலுக்கு வடபுறம் நிற்கிற மூன்று மருத மரத்தையும் அந்தக் கிழட்டு இலுப்பையையும் எடுத்துவிட்டு, தரை முழுக்க சிமெண்ட் போட்டுத் தகர ஷெட் அமைக்கப் போகிறார்களாம். பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுவார்களாம். உன் பெயரும் வரும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

32 வருஷம் சர்வேயராகச் சங்கிலி பிடித்து அலைந்தவன் நான். புலப்படத்தில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஓரிடத்தில் வயிறு தள்ளி வளையும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சுடலைமாடன் பீடம் இருக்கும். ஒரு சாண் மண்ணுக்குக் கோர்ட் வரை போகிற பங்காளிகள், மாடன் நிற்கிற அரை சென்டை மட்டும் எனக்கு உனக்கு என்று கேட்கவே மாட்டார்கள். குளத்து மடையில் சாஸ்தா, ஊர் முடிகிற இடத்தில் மாடன், ஒற்றை மரத்தடியில் இசக்கி. கிழக்கே தேரிக்காட்டில் அருஞ்சுனை காத்த அய்யனார். அந்தப் பெயரைக் கவனி. செம்மணல் காட்டில் ஒரு சுனை என்றால் அதற்குக் காவல் சாமிதான், சர்க்கார் இல்லை. திருநெல்வேலி என்கிற பெயரும் அப்படி வந்ததுதானே? வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் சிவன் வேலியிட்டுக் காத்த கதையை ஆச்சி உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

எல்லாம் நம் சாமி செய்தது என்று சொல்லவில்லை. சாத்தான்குளம் பக்கம் அளக்கப் போனால் எனக்கு ஒரே கொண்டாட்டம். 1799இல் உண்டான முதலூர், கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய இடையன்குடி எல்லாம் பனங்காட்டுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி தெருக்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள் புதிதாகக் குடியேறிய ஊர்கள் அல்லவா, கோணல்மாணல் கிடையாது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். பாளையங்கோட்டையில் 1826இல் ரேனியஸ் பாதிரியார் கட்டிய சர்ச்சின் ஊசிக் கோபுரத்தைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஆட்டோக்காரருக்கு வழி சொல்கிறோம். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குள் போனால் கல்தூண் மண்டபம். கோயில் வேலை பார்த்த கை என்று பார்த்தவுடன் தோன்றும். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆச்சி அங்கேதான் நேர்ச்சை போட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம், நீ டோக்கியோவிலிருந்து அனுப்பினாயே ஒரு போட்டோ, "ஊருக்கு நடுவே காடுப்பா" என்று? மெய்ஜி கோயில். அதைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அது தானாக முளைத்த காடு என்றுதான் நினைத்திருந்தேன். மன்னர் மெய்ஜியின் நினைவாக 1920இல் கோயில் எழும்பியபோது, ஜப்பான் முழுவதிலிருந்தும் ஜனங்கள் கொடுத்த சுமார் 1 லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கியதாம். பிரதமர் ஒகுமா தேவதாரு மாதிரி ஓங்கி வளர்கிற மரம்தான் வேண்டும் என்றாராம். ஹோண்டா என்கிற வனத்துறைப் பேராசிரியர், அந்த மரம் டோக்கியோ மண்ணுக்கும் புகைக்கும் தேறாது என்று எதிர்த்து நின்று, கருவாலி, கற்பூர மரம் போன்ற அகன்ற இலை மரங்களை வைத்தார். தன் ஆயுளில் பார்க்க முடியாத காட்டுக்கு, நூறு வருஷத்துக்கும் மேலே கணக்குப் போட்டு நட்ட மனுஷன். மந்திரியிடம் முடியாது என்று சொன்ன அதிகாரி என்பதால் எனக்குக் கூடுதலாகப் பிடித்துவிட்டது. நான் ஒரு தாசில்தாரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

அங்கே பாதையில் விழுகிற சருகைக் கூட்டி எடுத்து மறுபடி காட்டுக்குள்ளேயே போட்டுவிடுவார்களாம். நம் சாஸ்தா கோயிலில் சுள்ளி பொறுக்கினால்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே பொங்கலுக்கு எரிக்க வேண்டும் என்று தாத்தா அதட்டுவார். அதே பேச்சுதான்.

போனில் சேட்டிலைட் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாயே, அதில் எத்தியோப்பியாவின் வடக்குப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார். பழுப்பு வயல் நடுவே பச்சைப் பச்சையாகப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு மாதா கோயில். சுற்றியிருந்த காடெல்லாம் விளைநிலமாகிவிட்டது, கோயிலை ஒட்டிய மரங்கள் மட்டும் தப்பித்தன. மாடு நுழையாமல் வயலில் கிடக்கிற கல்லை அடுக்கிச் சுவர் வைக்கிறார்கள். பிறகு அப்படியே நகர்த்தி நம் ஊர்க் குளக்கரைக்கு வா. நம் சாஸ்தாவும் ஒரு பச்சைப் பொட்டுதான். அளந்தால் 60 சென்ட் தேறும்.

சாமி பேரைச் சொல்லிக் கெடுப்பதும் இல்லாமல் இல்லை. பாபநாசத்தில் முழுகிவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தாமிரபரணியிலிருந்து அதை வாரி எடுப்பதே தனி வேலையாகிவிட்டது. பாவம் போகிறதோ இல்லையோ, வேட்டி போகவில்லை. இந்த சிமெண்ட் தரையும் எனக்கு அந்த வகையில்தான் படுகிறது. கமிட்டிக்காரர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்ல. என்னைவிட அதிகம் உள்ளவர்கள். உன் அம்மா அளவுக்கே எனக்கு நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கிழக்கே, குளத்துச் சரிவைத் தாண்டி, ஒரு மரமும் இல்லாத களர் நிலம் கிடக்கிறது. கோயில் புறம்போக்குதான், ரிக்கார்டில் பார்த்துவிட்டேன். 22 சென்ட் இருக்கிறது. 200 அடுப்பு தாராளமாக வைக்கலாம். ஷெட்டை அங்கே போடட்டும். வடபுறம் தரை மண்ணாகவே இருக்கட்டும். படம் வரைந்து வைத்திருக்கிறேன், ஸ்கேலோடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். நான் பேசினால் "ரிட்டயர்டு ஆனவருக்குப் பொழுது போகவில்லை" என்பார்கள். வெளிநாட்டுப் பணத்துக்குக் காது கொடுப்பார்கள். கிழக்கே கட்டினால்தான் பணம் என்று சித்தப்பா மகனுக்கு நீ ஒரு வரி வாட்ஸ்அப்பில் போடு. இல்லை, கொடுத்தது கொடுத்ததுதான் என்று நினைத்தால் அதையும் சொல். பணத்தைக் கொடுத்துவிடுகிறேன். மரத்தை வெட்டுகிற அன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

அம்மா கருப்பட்டி கட்டி வைத்திருக்கிறாள். போன தடவை பார்சலில் உருகிவிட்டது என்றாயே, இந்த முறை ஓலைக் கொட்டானோடு டப்பாவில் வைத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா