படத்தில் இருந்த முடிச்சு

முத்தையன்கட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. குளத்தில் தண்ணீர் நிற்கிறது, இந்த முறை சிறுபோகம் செய்யலாம் என்கிறார்கள். இதெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். பொங்கலுக்குப் பிறகு நீ எடுக்கவில்லை.

மருமகள் அனுப்பிய படம் வந்தது. பேரன் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்கிறான். முள்ளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, இடது காலை முன்னால் வைத்து, அப்படியே நீதான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படத்தைப் பெரிதாக்கி முள்ளைப் பார்த்தேன். முள்ளின் கண்ணில் தங்கூசியை, அந்த நைலோன் இழையை, கோத்துச் சும்மா முடிந்து, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, நுனி அரைச் சாணுக்கு நீட்டிக்கொண்டு கிடக்கிறது. துணிமூட்டை கட்டுகிற முடிச்சு அது. உன் கை கட்டியது அல்ல, தம்பி. எனக்குத் தெரியும்.

வேறொன்றும் நான் கேட்கவில்லை. முடிச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நைலோனில் வெறும் முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சே இழையை வெட்டும். ஏறக்குறைய பாதிப் பலம் போய்விடும். கண்ணுக்குள்ளால் நுனியை விட்டு எடுத்து, தாய் இழையைச் சுற்றி ஐந்து தரம் சுற்ற வேண்டும். பிறகு கண்ணை ஒட்டி நிற்கும் சின்ன வளையத்துக்குள் நுனியைக் கோத்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை கோக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சில் படுத்த வேண்டும். காய்ந்த தங்கூசி உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே நலிந்துபோகும். மெதுவாக இழுத்தால் ஐந்து சுற்றும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து உட்காரும். நுனியை ஒட்ட வெட்டக் கூடாது, ஒரு நெல்லளவு விட வேண்டும். எச்சில் படுத்த மறக்காதே என்று அவனிடம் சொல்.

பாரத்துக்கு ஈயம் வேண்டாம். நீர்ப்பறவைகள் அதை விழுங்கினால் செத்துப்போகும். ஒரு சின்ன இரும்பு நட்டுப் போதும். மிதப்புக்கு, தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடியில் விரலளவு வெட்டிக்கொள்ளலாம். தடியில் கட்டும்போது நுனியில் மட்டும் கட்டாமல், இழையைத் தடியின் நடுவரைக்கும் கொண்டுவந்து அங்கேயும் ஒரு கட்டுப் போட வேண்டும். நுனி முறிந்தாலும் மீன் போகாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. பக்கத்தில் நின்று காட்ட ஒருவர் வேண்டும். எச்சில் படுத்துவதைச் சொன்னேன் அல்லவா?

நீ அனுப்பிய காசில் போட்ட மோட்டர் இரைகிறபோதெல்லாம் எனக்குப் பெருமைதான். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். காசு மாதம் தவறியதில்லை. ஆனால் அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

இன்னொன்றையும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன், உனக்கு முள்ளுக் கட்டப் பழக்கியது நான்தான் என்று. உன் முன்னாலும் சொன்னேன். நீ மறுத்துப் பேசவில்லை. உனக்குப் பழக்கியவர் சின்னமாமா. 1997, ஆமியின் ஜெயசிக்குறு படையெடுப்புத் தொடங்கிய வருடம், உனக்குப் பதினொரு வயது. நான் அப்போது அளம்பில் கடற்கரையில் ஒரு மீன்வாடியில் இருந்தேன். தொழிலுக்குப் போனதாக உங்களுக்குச் சொல்லியிருந்தது. தொழிலுக்காகப் போகவில்லை. அம்மாவோடு ஒரு சொல் கூடிப்போய், கோபித்துக்கொண்டு போனேன். போன பிறகு திரும்பி வர வெட்கமாக இருந்தது. சைக்கிளில் சில மணித்தியாலத் தூரம், எனக்கு ஒன்பது மாதம் எடுத்தது.

வந்தபோது நீ கொட்டில் வாசலில் இருந்து, சைக்கிள் கம்பித் துண்டை வளைத்து அரத்தால் கூராக்கிக்கொண்டிருந்தாய். பாட்டரிகூடக் கிடைக்காத காலம், முள்ளுக்கு எங்கே போவது. கண்ணுக்குப் பதிலாகக் கம்பியின் மற்ற முனையைச் சுருட்டியிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் அராவத் தொடங்கினாய். பக்கத்தில் முன்பே கட்டிய முள் ஒன்று கிடந்தது. எடுத்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. யார் பழக்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கே போனீர்கள் அப்பா என்று நீ கேட்டிருப்பாய். இன்றுவரைக்கும் நீ கேட்கவில்லை.

அக்காவின் மகன் அடுத்த கிழமை புறப்படுகிறான். இதை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உன் விலாசம் மாறியிருந்தாலும் தேடித் தருவான். உள்ளே ஒரு முழத் தங்கூசி வைத்திருக்கிறேன். முள்ளை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சட்டைப்பின்னில் கட்டினேன். ஐந்து சுற்றும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இறுக்காமல் விட்டிருக்கிறேன். எச்சில் படுத்தி, பேரனையே இழுத்து இறுக்கச் சொல்.

இதை அவனுக்குத் தபாலில் போடாதே. யாரிடமும் கொடுத்தும் அனுப்பாதே. நீயே கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
அப்பா