சூலூர் நேவி தளத்தோட ஞாபகங்க எடைக்குப் போயிட்டிருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சூலூர்னா இன்னிக்கு எல்லாருக்கும் ஏர்ஃபோர்ஸ் தான் ஞாபகம் வரும், தேஜஸ் விமானம் ஞாபகம் வரும், அது ஒரு காலத்துல நேவியோட விமான தளமா இருந்துச்சுன்னு சொன்னா எங்க தெருவுல பாதி பேரு நம்பவே மாட்டேங்கறாங்க. கோயமுத்தூர் பக்கம் கடலே கிடையாதே, அங்க நேவிக்கு என்ன வேலைன்னு கேக்கறாங்க. சின்ன வயசுல நானும் எங்க நைனாகிட்ட அதையே தான் கேட்டேன். அவரு அங்க இருந்தவரு. விமானத்த தள்ளிட்டுப் போய் நிறுத்தறது, ரெக்கைய மடிக்கறது, காத்துல நகராம கட்டிப் போடறது, இதான் அவரு வேலை.

நேவிக்காரங்க ஜெட் ஓட்டிப் பழகறதுக்கு 1958லயே சூலூருக்கு வந்துட்டாங்க. 1961 செப்டம்பர் 5ஆம் தேதி அது ஐஎன்எஸ் ஹன்சாங்கற பேருல முறையான தளமா ஆச்சு. அதே வருஷம் தான் விக்ராந்த் கப்பல் நம்ம நேவில சேந்துச்சு, நவம்பர்ல பம்பாய்க்கு வந்துச்சு. விமானம் தாங்கிக் கப்பல் வாங்கினா மட்டும் போதுமா, அதுல ஏறி இறங்கற சீ ஹாக், அலிஸே விமானங்களுக்கு கரையில ஒரு வீடு வேணுமில்ல, அந்த வீடு தான் சூலூர். அப்புறம் கோவா விடுதலையாச்சு, டபோலிம் ஏர்போர்ட் 1962 ஏப்ரல்ல நேவி கைக்கு வந்துச்சு, 1964 ஜூன்ல ஹன்சா பேரோட சேந்து மொத்தமா அங்க போயிடுச்சு. மூணு வருஷம் கூட முழுசா இல்ல.

கோவால 1998ல நேவி விமான மியூசியம் திறந்தாங்க, சீ ஹாக்கும் அலிஸேயும் அங்க நிக்குது, சந்தோஷம் தான். ஆனா சூலூர்ல அந்த விமானத்த தள்ளினவங்க, துடைச்சவங்க, சமைச்சுப் போட்டவங்க கதை எங்க இருக்குன்னா எங்கள மாதிரி வீட்டு ட்ரங்க் பொட்டில தான் இருக்கு. கடலோரம் பொறந்து நேவில சேந்த பசங்க ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் எத்தனை பேரு, அவங்கள்ல யாரு இப்ப உயிரோட இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் கூட நம்மகிட்ட இல்ல.

போன வருஷம் எங்க தெருவுலயே ஒரு பெரியவரு தவறிட்டாரு, அவரும் நேவி விமானப் பிரிவு தான். காரியம் முடிஞ்சு வீட்ட ஒழிக்கும்போது ஒரு சாக்கு நிறைய பேப்பர், போட்டோ, சர்வீஸ் புக்கு எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிடுச்சு. நான் கேள்விப்பட்டு ஓடறதுக்குள்ள லோடு ஏத்திட்டாங்க. அந்தக் குடும்பத்த நான் குறை சொல்லல, அது என்னன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க?

பேருங்களையே பாருங்க. ரெண்டாம் உலக யுத்த காலத்துல பிரிட்டிஷ் நேவி தாம்பரத்துல வெச்சிருந்த தளத்துக்கு வல்லூறுன்னு பேரு, சூலூருக்கு வைரின்னு பேரு. இப்ப அரக்கோணத்துல இருக்கற தளம் ராஜாளி, அது 1992ல வந்தது. மூணும் தமிழ்ல வழங்கற பறவைப் பேரு, வேட்டைப் பறவைங்க. நைனா இத விரல் விட்டு எண்ணி எண்ணி சொல்லுவாரு. எந்தப் பள்ளிக்கூடத்துல இதச் சொல்லித் தர்றாங்க?

எங்க ஹார்பருக்கும் இதுல பங்கு இருக்கு. 71ல பாகிஸ்தானோட நடந்த யுத்தத்தப்ப விக்ராந்த் எங்க நிக்குதுன்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு, அது மெட்ராஸுக்கு வருது, நிறுத்த இடம் ரெடி பண்ணுங்கன்னு இங்க தகவல் அனுப்பினாங்க, கப்பல் அப்ப அந்தமான் பக்கம் ஒளிஞ்சிருந்துச்சு. டிசம்பர் 4 அன்னிக்கு அதுல இருந்து கிளம்பின சீ ஹாக்கு தான் இப்ப பங்களாதேஷ்ல இருக்கற காக்ஸ் பஜார், சிட்டகாங்னு குண்டு போட்டுச்சு. அதுல எத்தனைய சூலூர்ல எங்க நைனா கையால தள்ளியிருப்பாரோ. அந்த விக்ராந்தையே மும்பைல மியூசியமா வெச்சு, அப்புறம் மூடி, 2014ல உடைக்க ஆரம்பிச்சாங்க. டிவில அதப் பாத்த அன்னிக்கு நைனா ராத்திரி சாப்பிடல. அவ்ளோ பெரிய கப்பலையே நம்மளால காப்பாத்த முடியல, பேப்பர் போட்டோவையாவது காப்பாத்தலாமே ஐயா.

சூலூர் இப்ப ஏர்ஃபோர்ஸ் தளம், உள்ள போய் கல்வெட்டு வைங்கன்னு நான் கேக்க வரல. கேக்கறது ரெண்டு தான். உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒருநாள் அரைப்பக்கம் குடுங்க, பழைய நேவிக்காரங்க வீட்டுப் போட்டோவப் போடுங்க, இது யாருன்னு வாசகருங்க சொல்லட்டும். இன்னொண்ணு, வடசென்னைல ஏதாவது ஒரு அரசு நூலகத்துல ஒரு ஸ்கேனரும் ஒரு ஆளும் போட்டா, ஜனங்க கொண்டு வர்றத ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினல அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாம். ரோஜா முத்தையா நூலகம் பழைய புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் வருஷக்கணக்கா இந்த வேலைய பண்றாங்க, ஆனா எண்பது வயசுக்காரர தரமணி வரைக்கும் இழுத்துட்டுப் போக முடியாது. பேச முடியற பெரியவங்கள செல்போன்லயாவது இப்பவே பேச வெச்சு ரெகார்ட் பண்ணிடணும், அவங்க பேசற தமிழ்லயே.

நைனா பொட்டில ஒரு போட்டோ இருக்கு. சீ ஹாக் ரெக்கைக்குக் கீழ ஆறு பேரு நிக்கறாங்க, பின்னாடி பென்சில்ல 'சூலூர் 62'ன்னு அவரு கையெழுத்து, ஓரத்துல துரு புடிச்ச ஜெம் கிளிப்போட தடம். நைனா போனப்புறம் ராயபுரத்துல அவரு கூட்டாளி ஒருத்தர்கிட்ட காட்டினேன், நைனாவோட சேத்து நாலு பேர சொல்லிட்டாரு, மீதிய யோசிச்சு சொல்றேன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சுப் போறேன், என்னையே யாருன்னு கேக்கறாரு. இடது கோடில தோள்ல துண்டு போட்டுட்டு சிரிக்கறவரு ஒருத்தரு, அவரு பக்கத்துல குள்ளமா, ஒரு கைய விமானத்து மேல வெச்சிட்டு நிக்கறவரு ஒருத்தரு. போட்டோவோட காப்பி இந்த லெட்டரோட வெச்சிருக்கேன், தயவுசெஞ்சு போடுங்க. இந்த ரெண்டு பேரும் யாருன்னு தெரிஞ்சவங்க உங்க ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டா போதும், நான் வந்து வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21