கீரைக்கு ஆயுள் ஒரு நாள், அறிக்கைக்கு 14 நாள்

மதிப்பிற்குரிய உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும், வேளாண்மைத் துறை, வேளாண் விற்பனைத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் 17 வருடமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். பெரிய கடை இல்லை. தெருமுனையில் ஒரு தகரக் கூரை, முன்னால் நாலு சாய்வுப் பலகை, அவ்வளவுதான். விடிகாலை மூன்றரைக்கு மண்டிக்குப் போய், லோடு இறங்கும்போதே பார்த்து எடுத்து, ஆறு மணிக்குள் கடை விரித்துவிடுவேன். சுற்றி நாலு தெரு ஜனங்கள் என் கடைக் காயை வாங்கித்தான் குழம்பு வைக்கிறார்கள். அந்த உரிமையில், காய்கறியையும் பழத்தையும் சோதிப்பது பற்றி இதை எழுதுகிறேன்.

இந்த 17 வருடத்தில் என் தராசை வந்து சோதித்திருக்கிறார்கள். எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பை ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பலகைக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டு அரைக்கீரையையோ ஒரு கிலோ பச்சை மிளகாயையோ எடுத்துக்கொண்டு போய், இதில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

மூன்று வருடம் முந்தி, மே மாதம். மண்டி ஒன்றில் இரண்டு பெட்டி மாம்பழம் எடுத்து வந்தேன். மேலாக ஒரே சீரான மஞ்சள், பார்க்கவே அழகு. முதல் பெட்டி மத்தியானத்துக்குள் விற்றுப்போனது. இரண்டாவது பெட்டியில் கைவிட்டு எடுத்தபோது வைக்கோலுக்கு நடுவில் காகிதப் பொட்டலம் ஒன்று விரலில் பட்டது. பிரித்தால் சாம்பல் நிறக் கட்டி, பூண்டு நாற்றம். காயை அவசரமாகப் பழுக்கவைக்கப் போடும் கார்பைடு கல். முதல் பெட்டிப் பழத்தில் இரண்டு கிலோ வாங்கிப் போனவள் எதிர்த்தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண். கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். ஒரு பழத்தை நறுக்கி, பாதி சாப்பிட்டிருந்தாள். "மேலதான் பழுத்திருக்கு, உள்ள காயா இருக்குக்கா" என்றாள். மீதியை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நல்லபடியாகப் பெற்றெடுத்தாள். இருந்தாலும் அந்த இரண்டு மாதமும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கார்பைடு வைப்பது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே தடை இருக்கிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங்குக்குப் பயன்படும் அதே வாயு. தொழிற்சாலைக் கல்லில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கொஞ்சம் கலந்தே இருக்கும். அதற்குப் பதிலாகத்தான் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குள் பழுக்கும் அறையில் விடலாம் என்று அனுமதித்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அறை கட்டப் பணம் வேண்டும், கல்லுக்குச் சில்லறை போதும். யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தால் எது ஜெயிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மாம்பழத்துக்காவது ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல், மே வந்தால் ரெய்டு நடக்கும். கோயம்பேட்டில் டன் கணக்கில் பறிமுதல் செய்து அழிப்பதை டிவியில் பார்க்கிறோம். கத்தரிக்காய்க்கு எந்த மாதம் ரெய்டு? காலிஃபிளவருக்கு? கறிவேப்பிலைக்கு? வருடம் முழுக்க, வாரம் ஏழு நாளும் மக்கள் தின்பது இவற்றைத்தான்.

எனக்குக் கத்தரிக்காய் கொடுக்கும் விவசாயி ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன், மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறீர்கள் என்று. மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார்: "பாட்டில்ல இத்தனை நாள் விடணும்னு போட்டிருக்கும் அக்கா. அத்தனை நாள் விட்டா காய் முத்திப்போகும். புழு விழுந்த காயையும் முத்தின காயையும் நீங்க எடுப்பீங்களா?" எடுக்கமாட்டேன். என் வாடிக்கையாளரும் வாங்கமாட்டார். முகூர்த்த நாள் வந்து விலை ஏறினால் நேற்று அடித்த காயும் இன்று பறிபடும். எந்த மருந்து, எவ்வளவு என்று அவருக்குச் சொல்வது பூச்சிமருந்துக் கடைக்காரர்தான். புழு நிற்கவில்லை என்றால் இன்னும் காரமான மருந்தை எடுத்துக் கொடுப்பார். உப்புத் தண்ணீரிலும் புளித் தண்ணீரிலும் கழுவச் சொல்லி அறிவுரை தருகிறார்கள், நானும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒட்டியிருப்பது கொஞ்சம் போகும். செடிக்குள்ளேயே ஊடுருவிப் போகிற மருந்தைத் தண்ணீர் என்ன செய்யும்?

இங்கேதான் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் வேளாண் துறைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18வது பிரிவு, விவசாயிக்கும் விவசாய வேலைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. விவசாயியை அதிகாரி மிரட்டக்கூடாது என்பதற்காக வைத்தது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. பூச்சிமருந்து விற்பனை 1968 சட்டத்தின் கீழ் வேளாண் துறையின் பொறுப்பு. ஆக, வரப்புக்கு அந்தப் பக்கம் காய் இருக்கும்வரை அது ஒரு துறை. வரப்பைத் தாண்டி வியாபாரி கைக்கு வந்தால் இன்னொரு துறை. மண்டியில் பத்து ஊர்க் காய் ஒரே குவியலாகக் கொட்டப்படுகிறது. என் கடைக் காயில் அளவுக்கு மேல் மருந்து இருக்கிறது என்று நாளைக்கே கண்டுபிடித்தாலும், அது எந்தக் காட்டுக் காய் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்மேல் வழக்குப் போடலாம். அந்தக் காட்டில் அடுத்த வாரமும் அதே மருந்துதான் அடிப்பார்கள்.

என் தங்கை மகன் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறான். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, 35 நாள், அங்கே பட்ஜெட் தகராறில் அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. உணவுச் சோதனை செய்யும் எஃப்டிஏவின் தலைவரே, உள்நாட்டு உணவுக்கூடங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் நின்றுவிட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார். வாரத்துக்கு 160 சோதனை நடக்கிற இடம். ஜனங்கள் பயந்துபோனார்கள். காரணம் இருந்தது: அதே 2018 வசந்த காலத்தில்தான் அரிசோனாவின் யூமா பக்கம் விளைந்த ரொமெய்ன் லெட்யூஸ் கீரையைத் தின்று 210 பேர் நோயில் விழுந்து, 5 பேர் செத்திருந்தார்கள், அந்த வட்டாரத்துப் பாசனக் கால்வாய்த் தண்ணீரில் அதே ஈ.கோலை கிருமி இருந்தது. சத்தம் கிளம்பியதும், ஆபத்து அதிகமான உணவுகளுக்காவது சோதனை நடக்கட்டும் என்று அதிகாரிகளைச் சம்பளமில்லாமலே திரும்ப அழைத்தார்கள். "எங்க வீட்டுல கீரையே வாங்கலை பெரியம்மா அந்த மாசம்" என்று போனில் சொன்னான்.

அவன் சொன்னதைக் கேட்டு எனக்குத் தோன்றியது இதுதான். அங்கே சோதனை நின்றது எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அது நடந்துகொண்டிருந்ததும் தெரியும், வாரத்துக்கு எத்தனை என்றும் தெரியும். நம் ஊரில் காய்கறிச் சோதனை ஒரு மாதம் நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை நடக்கிறது என்று எந்த மண்டிச் சுவரிலும் எழுதியிருக்கவில்லையே.

சோதனை செய்வது என்றால் கூட்டம் கூட்டி மிரட்டுவது என்று நான் சொல்லவரவில்லை. 2025 கோடையில் தர்பூசணிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். சாயம் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள், இப்படித் தேய்த்துக் கண்டுபிடியுங்கள் என்ற பேச்சும் காணொளியும் சென்னையிலிருந்து கிளம்பியது. ஒரே வாரத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து விவசாயிகளின் பழம் வாங்க ஆளில்லாமல் வயலிலேயே அழுகியது. தர்பூசணியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. வருவதற்குள் பருவமே போய்விட்டது. என் கடை முன்னால் குவித்து வைத்திருந்த பழத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் தாய்மார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்புவதற்கு அவர்களிடம் வேறு என்ன இருந்தது? வாராவாரம் பத்துப் பழத்தைச் சோதித்து "இல்லை" என்று எழுதி ஒட்டியிருந்தால், நான் அந்தக் காகிதத்தைக் காட்டியிருப்பேன்.

2015இல் கேரளாவிலும் இதே கதைதான். நம் காய்கறியில் மருந்து எச்சம் அதிகம் என்றார்கள் அவர்கள், இல்லை என்று நம் தரப்பில் மறுத்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் லாரி லாரியாக அங்கே போகிறது. அந்த வாக்குவாதத்தில் லாரி ஓட்டுபவரும் விவசாயியும்தான் தவித்தார்கள்.

ஆய்வகம் பற்றியும் ஒரு வார்த்தை. மாதிரி கைக்கு வந்து 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் அது போதும். கீரை மறுநாளே வாடிவிடும். அறிக்கை வரும்போது அந்தக் கட்டை யாரோ ஒரு குழந்தைக்கு மசித்து ஊட்டி இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதுவும், நாடு முழுக்க மாநில ஆய்வகங்கள் 72இல் 65க்கு, ஆய்வகத்தின் தரத்துக்குக் கொடுக்கும் என்ஏபிஎல் அங்கீகாரமே இல்லை என்று 2017இல் மத்திய தணிக்கைத் துறை எழுதியது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவு மாறியிருந்தாலும் கீரையின் ஆயுள் மாறவில்லை. கெட்ட கட்டைக் கடையில் பிடித்துவிடலாம் என்பது பச்சைக் காய்கறியில் நடக்காது. எங்கே விளைந்தது என்று பின்னால் தேடிப்போய் அடுத்த பறிப்பைத் திருத்தலாம். அதற்காகத்தான் சோதனை இடைவிடாமல் நடக்கவேண்டும் என்கிறேன்.

முடியாது என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவுக்குப் போகும் மகாராஷ்டிரா திராட்சைக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் பதிவு எண் கொடுத்து, ஆய்வகச் சான்று இருந்தால்தான் ஏற்றுமதி என்று வைத்திருக்கிறது அபீடா என்ற மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பு. அப்படியிருந்தும் 2010இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி மருந்து ஐரோப்பாவில் சிக்கிப் பெரிய நஷ்டமானது. வெளிநாட்டுக்காரன் சாப்பிடும் திராட்சைக்கு அவ்வளவு கவனம். கம்பத்துப் பன்னீர் திராட்சையை நம் பிள்ளைகள் தோலோடு சாப்பிடுகிறார்கள், அது எந்தத் தோட்டம் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. எந்த ஊர், யார் நிலம் என்று தெரிந்துதான் அங்கே தராசைக் கொடுக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மொத்த மண்டிகளில் வருடம் முழுக்க வாராவாரம் மாதிரி எடுங்கள், பகல் பதினொரு மணிக்கு வராமல் லோடு இறங்கும் நேரத்தில் வாருங்கள். முடிவை, நல்லதானாலும் கெட்டதானாலும், எந்தக் காய், என்ன மருந்து, வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று தமிழில் மண்டி வாசலில் ஒட்டுங்கள். அறிக்கை கையில் வருமுன் கேமரா முன்னால் பேசாதீர்கள். கமிஷன் மண்டியில் போடும் சீட்டில் விலையும் எடையும் எழுதுவதோடு ஊர்ப் பெயரையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், ஒரே ஒரு கட்டம் கூடுதல். எச்சம் அதிகம் என்று வந்தால் வேளாண் அலுவலர் அந்த ஊருக்குப் போகட்டும். விவசாயியைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை, அவருக்கு அந்தப் பாட்டிலை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்பதற்கு.

என்னையும் விட்டுவைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைக்கு வாருங்கள், அன்றைக்குச் சரக்கு நிறைய இருக்கும். எந்தக் கட்டை வேண்டுமானாலும், எந்தக் கூடையிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த மாதிரிக்கு விலை கொடுக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, எனக்கு அந்தக் காசு வேண்டாம். முடிவு என்னவென்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு சில்லறைக் காய்கறிக் கடைக்காரி