பிடுங்கிய கல்லை நீயாக நடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். பேத்தி பிறந்த செய்தியை நாலு வரியில் முடித்துவிட்டு, உன் நிலத்தின் எல்லைக்கல்லை எதிராளி பிடுங்கிப் போட்டதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மனசு எங்கே கிடக்கிறது என்று தெரிகிறது. நானும் அப்படித் தூக்கமில்லாமல் கிடந்தவன்தானே.

முதலில் ஒன்று. அந்தக் கல்லை நீயாக ஆள் வைத்துத் திரும்ப நட்டுவிடாதே. கைகலப்பு ஆகிவிட்டால் இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்ற பேச்சு போய், யார் யாரை அடித்தது என்ற பேச்சு வந்துவிடும். எனக்கு நடந்தபோது, கல் இருந்த குழியில் மண் ஈரம் காய்வதற்குள் மகன் போட்டோ எடுத்து வைத்தான். கல் ஓரமாகக் கவிழ்ந்து கிடக்கிறது, அடியில் வெள்ளை வேர் ஒட்டியிருக்கிறது. அதை அன்றைக்குத்தான் பிடுங்கினார்கள் என்று காட்ட அந்தப் படம் போதுமானதாக இருந்தது. போலீசில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொள். 'சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்பார்கள். பரவாயில்லை, அந்த ரசீதின் தேதி நமக்கு வேண்டும்.

'கிரயப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, இன்ஜங்க்ஷன் தராமல் என்ன செய்வார்கள்' என்று கேட்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நம்பிப் போனேன். ஆனால் இன்ஜங்க்ஷன், அதாவது இடத்தில் தலையிடாதே என்று தடுக்கும் உறுத்துக் கட்டளை, கேட்கும் வழக்கில் கோர்ட் முதலில் பார்ப்பது, வழக்குப் போட்ட நாளில் இடம் யார் சுவாதீனத்தில், அதாவது யார் கையில், இருந்தது என்பதைத்தான். நீ அலட்சியமாகப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் தீர்வை ரசீது, கிராமக் கணக்கில் பயிர் விவரம் எழுதும் அடங்கல், போர்வெல்லுக்கு வாங்கிய மின் இணைப்பின் பில், எல்லாவற்றையும் தேடி எடு. பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது, ஆனால் மற்றதோடு சேர்ந்தால் அனுபவத்துக்கு நல்ல சாட்சி.

இன்னொரு விஷயத்தை வக்கீலிடம் கட்டாயம் கேள். எதிராளி வெறுமனே தொல்லை கொடுக்கிறானா, இல்லை, 'உனக்கு விற்றவனுக்கே அதில் உரிமை கிடையாது' என்கிறானா? இரண்டாவது என்றால் நிரந்தர உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டால் போதாது, இடம் உன்னுடையதுதான் என்று கோர்ட் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் இதைக் கேட்காமல் போட்டு, பிறகு பிராதை, அதாவது வழக்கு மனுவை, திருத்த இன்னொரு மனுப் போட்டு அலைந்தேன். அதில் போன மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிராதோடு இடைக்காலத் தடைக்கும் மனுப் போடுவார்கள். அவசரம் தெரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஆணை கிடைக்கலாம். கிடைத்த அன்றோ மறுநாளோ ஆணையின் தகவலும் மனு, பிராது நகல்களும் பதிவுத் தபாலில் எதிராளிக்குப் போயாக வேண்டும், அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். வக்கீல் ஆபீசில் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள். இடத்தை நேரில் பார்க்கக் கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் கேட்டும் மனுப் போடச் சொல். சர்வேயரோடு வந்து, எங்கே என்ன இருக்கிறது என்று அவர் குறித்துக்கொண்டு போவது பெரிய பலம். ஆணையை மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

நீ இன்னும் உள்ளே இருக்கும்போதே போ. வெளியே தள்ளிவிட்டால் தடையாணை உதவாது, சுவாதீனத்தை மீட்கத்தான் வழக்குப் போட வேண்டும். உரிமையை ஆராயாமல் சுவாதீனத்தை மட்டும் பார்க்கும் சுருக்கு வழியில் அதைக் கேட்க ஆறு மாதம்தான் கெடு.

அப்புறம், பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய பக்கத்தையும், சர்வே அளவு காட்டும் புலப்படத்தையும் உடனே போட்டோ எடுத்து அனுப்பு. உட்பிரிவு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அங்கேதான் இடித்தது. முதல் வாய்தாவுக்கு நானும் வருகிறேன். பேத்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்