எத்தனை பறவைகள் என்பதல்ல, எவை என்பதே கேள்வி

ஆசிரியருக்கு, நகர விரிவாக்கத்தால் பறவைகள் குறைவது குறித்த தங்கள் தலையங்கம் காலத்தே வந்தது. ஆனால் எத்தனை பறவைகள் என்பதைவிட, எந்தெந்தப் பறவைகள் என்றே நாம் கேட்க வேண்டும். நகரம் வளரும்போது மாடப்புறா, காகம், மைனா போன்றவை கட்டட இடுக்குகளையும் குப்பையையும் நம்பிப் பெருகுவதால், மொத்த எண்ணிக்கை சில இடங்களில் கூடவும் செய்யும். விலகிப் போகிறவை தரையிலும் புதரிலும் கூடு கட்டுபவை, பூச்சியுண்ணிகள், மரப்பொந்தில் வாழ்பவை. தங்கிவிட்டவற்றுக்கும் நிம்மதியில்லை: நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த பகுதிகளில் வாழும் பட்டாணிக் குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டனர்.

எங்கள் குடியிருப்பில் பட்டுப்போன கிளையொன்றின் அடிப்புறத்தில் செம்மார்புக் குக்குறுவான் என்ற சிறு பறவை பொந்து குடைந்திருந்தது. வட்டமான வாசல், கீழே புதிதாக உதிர்ந்த மரத்தூள். அழகு கெடுகிறது என்று கிளையை வெட்டினார்கள். மரம் பசுமையாகவே நிற்கிறது, குக்குறுவான் திரும்பவில்லை. எத்தனை மரக்கன்று நட்டாலும் இந்த இழப்பு ஈடாகாது, ஏனெனில் அது குடைவது பட்ட மரத்தைத்தான். ஆகவே கிளை வெட்ட அனுமதி தருமுன் பொந்தும் கூடும் உண்டா என்று பார்ப்பதையும், இனப்பெருக்கக் காலத்தில் வெட்டுவதைத் தவிர்ப்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும். பூங்காக்களில் ஒரு பகுதியையாவது புதர் மண்ட விடலாம்.